மேடையிலிருந்து திரைக்கு

மனோகரா என்னும் திரைப்படத்தை நான் முதன்முதல் அறிந்தது காதினால் மட்டுமே. 1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டில் மின்சாரமின்றி வளர்ந்த பழைய மாணவர்களுக்கு இது வியப்பாக இராது. எங்கள் அயல்வீட்டு அண்ணை ஒருவர் துவிச்சக்கர வண்டியின் பின்சில்லை நிலத்திற் படாமல் உயர்த்தி நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றுவார். டைனமோவிற் பிறந்த மின்னில் ஒலிநாடாப் பெட்டி பேசும். சுழற்றும் கை சோர்ந்தால் சிவாஜி கணேசனின் முழக்கமும் சோர்ந்து இழுபடும். உடனே சிறுவராகிய நாங்கள் கைமாற்றிக் கொள்வோம். இவ்வாறு சுழற்றிச் சுழற்றியே அப்படத்தின் வசனம் முழுவதும் எங்களுக்கு மனனமாயிற்று.

பல ஆண்டுகள் கழித்து அதே படத்தைக் கண்ணாலும் காண வாய்த்தது. அப்பொழுது எனக்கு உண்டான வியப்பு, படத்தில் நான் புதிதாக அறிய வேண்டியது ஏறக்குறைய ஒன்றும் இல்லை என்பதே. எவர் வருகின்றார், எவர் போகின்றார், எவர் எவரை வஞ்சிக்கின்றார் என்பன எல்லாவற்றையும் காது முன்னரே கற்றிருந்தது. ஒன்றை மட்டும் காது தரவில்லை. தூணிற் பிணிக்கப்பட்டு நிற்கும் மைந்தனுக்குத் தான் இட்ட ஆணையைத் தாய் தானே நீக்கும் இடத்தில், அவ்வாணை வாயிலிருந்து பிறக்குமுன் கண்ணாம்பாவின் முகம் படும் பாடு அது. ஒலிநாடாவில் அந்த இடம் வெறும் இடைவெளி. டைனமோவைச் சுழற்றியவர்கள் கையை மாற்றிக் கொள்வதற்கு அதனைத்தான் பயன்படுத்தினோம்!

கண்ணை மூடிக்கொண்டே ஒரு படம் முற்றும் விளங்குமாயின், அது மேடையை விட்டு இன்னும் முற்றாக இறங்கவில்லை என்பது என் கருத்து. இதனைப் பழியாகச் சொல்லவில்லை. மனோகரா மேடையிற் பிறந்த பிள்ளை. 1891இல் சென்னையிற் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார் அச்சபைக்கென்று எழுதிய நாடகங்களுள் அது புகழ் மிக்கது. முதலியாரைத் தம் ஆசானாகக் கொண்டு, கொழும்பில் லங்கா சுபோத விலாச சபையை வளர்த்த கலையரசு சொர்ணலிங்கம் முதலியோரால் அந்த நாடக நெறி ஈழத்திலும் வேரூன்றியது. அவர் எழுதிய 'ஈழத்தில் நாடகமும் நானும்' என்ற நூலை ஆசிரிய கலாசாலையிற் பயின்ற காலத்தில் இரவல் வாங்கி ஒரே மூச்சிற் படித்தேன். நாடகத்தில் ஆர்வமுள்ள மாணவர் எவரும் அதனைத் தேடிப் படித்தல் நன்று. மனோகரா முதலில் 1936இற் படமாயிற்று. அதில் முதலியாரே அரசன் புருஷோத்தமனாக நடித்தார். 1954இல் ஜூபிடர் நிறுவனத்தார் எல். வி. பிரசாத்தின் நெறியாள்கையில் மீண்டும் அதனை எடுத்தபோது, வசனத்தை மு. கருணாநிதி புதிதாக எழுதினார். நாங்கள் மனனம் செய்தது இந்த இரண்டாவது படத்தை. முதலியாருடைய கதையும் கட்டங்களும் அதில் நின்றன. சொல் மட்டும் மாறியது. மாறிய சொல்லும் மேடைச் சொல்லாகவே ஒலித்தது. ஆதலாற்றான் ஒலிநாடாவில் அது அவ்வளவு நன்றாக வாழ்ந்தது.

தமிழ்ப் பேசும்படத்தின் இளமைப் பருவம் பெரும்பாலும் இத்தகையதே. சங்கரதாச சுவாமிகளின் பவளக்கொடி 1934இற் படமானபோது, மேடையில் அதனை நடித்துப் பெயர் பெற்றிருந்த தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியுமே திரையிலும் தோன்றினர். பாடல்கள் ஐம்பது வரையில் இருந்தன என்பர். சிங்களத்தின் கதையும் இதுவே. 1947இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படமாகிய 'கடவுனு பொரொந்துவ' மினர்வா நாடகக் குழுவினர் மேடையில் நடித்து வந்த நாடகமே. அதனைத் தயாரித்த எஸ். எம். நாயகம் தமிழர், படம் பிடித்த இடமோ மதுரை.

மேடையை அப்படியே பெயர்த்துத் திரையில் வைத்தால் என்ன குறை என்று கேட்கலாம். நம்மூர் மயான காண்டத்தை வைத்து விடை சொல்கிறேன். தென்னிந்தியக் குழுக்கள் யாழ்ப்பாணத்துக் கொட்டகைகளில் ஆடிச் சென்ற இசை நாடகங்களை நம்மவர் தமதாக்கிக் கொண்டனர். அவர்களுள் தலைசிறந்தவர் காங்கேசன்துறை வசந்த கான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து. அவர் 1989இல் மறைந்தபோது நான் சிறுவன். அவருடைய அரிச்சந்திரனை என் தந்தையார் கோயில் வீதிகளிற் பலமுறை கண்டவர். வைரமுத்து பாடத் தொடங்கினால் வீதி சுடுகாடாகிவிடும் என்பார். சுடலையைக் காட்டும் திரைச்சீலை இருந்ததா என்று கேட்டேன். "அதை ஆர் பார்த்தது?" என்றார்.

அந்தக் காண்டத்தில் ஒரு நுட்பம் உண்டு. சந்திரமதியின் கழுத்திலுள்ள தாலி கணவன் ஒருவனுடைய கண்ணுக்கே புலனாகும். பிறர் எவர்க்கும் தெரியாது. இறந்த மகனைச் சுடக் கொண்டுவந்தவளிடம் காவலன் கூலி கேட்கின்றான். இல்லை என்று அழுகின்றாள். கழுத்தில் தாலி இருக்கின்றதே, அதனை விற்றுக் கொடு என்கின்றான் அவன். அக்கணத்திலே அவளுக்கு அவன் யாரென்று தெரிகின்றது. மேடையில் இதற்குச் சொல் ஒன்றே போதும். அவன் 'தாலி' என்கின்றான். நாம் அதனைக் காணவில்லை. ஆயினும் அவன் காண்கிறான் என்று நம்புகின்றோம். கோயில் வீதியிற் பாயில் இருக்கும் ஆயிரம் பேரும் காணாத ஒன்றை ஒருவன் மட்டும் காண்பதுதான் அவ்விடத்தின் உயிர். ஒளிப்படக் கருவி அந்தக் கழுத்தை அண்மையிற் காட்டும்போது என் செய்யும்? தாலியைக் காட்டினால் எல்லாரும் கணவராகி விடுகிறோம். காட்டாவிட்டால் அரிச்சந்திரன் பித்தனாகத் தோன்றவுங் கூடும். 1944இல் பி. யு. சின்னப்பாவும் 1968இல் சிவாஜி கணேசனும் அரிச்சந்திரனாய்த் திரையில் நின்றனர். இருவரும் பெருநடிகர். ஆயினும் இந்த இடர் நடிகரால் தீர்வதன்று. சொல்லுக்கும் கண்ணுக்கும் இடையே உள்ள வழக்கு இது.

இனி, நான் இக்கட்டுரையை எழுதக் காரணமாகிய செய்திக்கு வருகிறேன். மேல்வகுப்பில் மனோன்மணீயத்தை எடுத்துப் பேசிக்கொண்டிருந்த ஒரு நாள், பின்வாங்கில் இருந்து ஒருவன் எழுந்தான். "சேர், இது படமா வந்திருக்கெண்டு சொன்னியள். படம் இருக்கேக்கை புத்தகம் என்னத்துக்கு?" என்றான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சினம் வரவில்லை. கேட்கத்தக்க கேள்வி அது.

பேராசிரியர் சுந்தரம்பிள்ளை மனோன்மணீயத்தை 1891இல் வெளியிட்டார். சுகுண விலாச சபை தோன்றியதும் அவ்வாண்டே என்பது ஓர் அழகிய தற்செயல். ஒன்று படிப்பதற்கு, மற்றொன்று நடிப்பதற்கு. ஆங்கிலப் புலவர் லிற்றன் பிரபு எழுதிய கதையொன்றைக் கருவாக்கி, அகவலால் ஐந்து அங்கங்களில் அவர் செய்த நூல் இது. பாண்டியன் சீவகன், அவனை ஏய்க்கும் அமைச்சன் குடிலன், ஒருவரையொருவர் நேரிற் காணாது கனவிலே கண்டு காதலித்த மனோன்மணியும் சேரன் புருடோத்தமனும், சுந்தர முனிவர் அமைத்த சுருங்கை வழி என்று கதை விரியும். (மனோகராவில் தந்தையின் பெயர் புருஷோத்தமன், இதிலே காதலன் பெயர் புருடோத்தமன். பரீட்சை விடைத்தாள்களில் இருவரும் இடம் மாறி நிற்பதுண்டு.) சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1942இல் 'மனோன்மணி' என்ற பெயரில் இதனைப் படமாக்கியது. டி. ஆர். சுந்தரம் நெறிப்படுத்தினார். சின்னப்பா சேரனாகவும் டி. ஆர். ராஜகுமாரி மனோன்மணியாகவும் நடித்தனர். அகவல் நின்ற இடத்தில் உரைநடை வசனமும் இசைப்பாட்டும் வந்தன. அக்காலத்துப் படமாளிகைக்கு அது வேண்டியிருந்தது, குறை கூறுவதற்கில்லை. ஆனால் அகவலை நீக்கிய பின் எஞ்சுவது லிற்றனின் கதை. சுந்தரம்பிள்ளை எங்கே என்று என் மாணவனைக் கேட்டேன். அவன் அமர்ந்துவிட்டான். எனக்கோ விடை முழுமையாகச் சொன்ன நிறைவு உண்டாகவில்லை.

ஏனெனில் சொல்லை முற்றும் துறந்தும் நாடகத்தைக் காத்தவர் உளர். யப்பானியராகிய அகிரா குரோசாவா 1957இல் மாக்பெத்தைத் தம் நாட்டுக் கோட்டையிலும் மூடுபனியிலும் வைத்துப் படமாக்கினார். சேக்ஸ்பியரின் அடி ஒன்றேனும் அதில் இல்லை. ஆயினும் பேராசை ஒருவனைத் தின்னும் கொடுமையை அப்பனியும் அம்புமாரியும் சொல்லிவிடுகின்றன. லாரன்ஸ் ஒலிவியர் 1948இல் ஹாம்லெட்டை எடுத்தபோது வேறொரு வழி கண்டார். பாத்திரங்கள் சிலவற்றை அடியோடு நீக்கினார். புகழ்பெற்ற தனிமொழியிலே உதடு அசையாது நிற்க, உள்ளத்தின் குரல் மட்டும் கேட்குமாறு சில அடிகளை அமைத்தார். மேடையில் ஆயிரம் பேருக்குக் கேட்க உரத்துச் சொல்ல வேண்டிய மறைபொருளை, திரையிலே தனக்குள் முணுமுணுக்கலாம் என்பதை அவர் கண்டுகொண்டார். ஈழத்துத் தமிழ்ப் படவுலகும் ஹாம்லெட்டைத் தொடாது விடவில்லை. எம். வேதநாயகம் நெறிப்படுத்தி 1966இல் வெளியான 'கடமையின் எல்லை' அந்நாடகத்தின் தழுவலே. நம்மவர் கையிற் பணமும் கருவியும் அருகியிருந்த காலத்தில் இத்தகைய பொருளைத் தெரிந்தெடுத்த துணிவை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

குரோசாவாவிற்கு ஒரு வசதி இருந்தது. மாக்பெத்தின் சொல் அவர் மொழிச் சொல் அன்று. அதனை இழப்பதில் அவருக்கு நோவு குறைவு. மனோன்மணீயத்தை எடுக்கும் தமிழனுக்கு அவ்வசதி இல்லை. சொல்லை விட்டால் நூல் போம். விடாவிட்டால் படம் போம்.

பின்வாங்கு மாணவன் அத்துடன் விடவில்லை. அடுத்த கிழமை நண்பர் நால்வருடன் வந்து, மனோன்மணீயத்தின் இரு களங்களைக் கைத்தொலைபேசியிற் படமெடுக்கப் போவதாகவும், கல்லூரி விழாவிற் காட்ட விரும்புவதாகவும் கூறினான். நூலும் கையுமாக நான் உடனிருக்க வேண்டும் என்பது அவர்கள் வேண்டுகோள். அன்றிலிருந்து நான் கற்பித்ததிலும் கற்றது அதிகம். முதல் வழக்கு கனவைப் பற்றியது. மனோன்மணி கண்ட கனவைப் படத்தின் தொடக்கத்திலேயே காட்டிவிட வேண்டும் என்றான் ஒருவன். கைத்தொலைபேசியிலே புகைபோல மங்கச் செய்யும் வித்தை அவனுக்குத் தெரியுமாம். நூலைத் திறந்து பாருங்கள் என்றேன். கனவிற் கண்டவனை மனோன்மணி சொல்லால் மட்டுமே அறிவாள்; நாமும் அவ்வாறே. ஈற்றுக் களத்தில் நள்ளிரவு மணப்பந்தரிற் சேரன் வந்து நிற்கும்போதுதான் கனவு முகம் கொள்கின்றது. முன்னரே முகத்தைக் காட்டிவிட்டால் அங்கே அவள் காண்பதற்கு என்ன இருக்கும்? அரை மணி நேரம் வாதாடினர். கடைசியில் கனவு காணும் அவள் முகத்தை மட்டும் காட்டுவதென்று தாமே முடிவு செய்தனர். மனோன்மணியாக நடித்தவன் பத்தாம் வகுப்பு மாணவன். ஆடவர் கல்லூரியில் வேறு வழி இல்லை. சுகுண விலாச சபையிலும் ஆடவரே பெண் வேடம் பூண்டனர் என்று அவனைத் தேற்றினேன்.

மற்றைய வழக்கு குடிலனுடையது. ஐந்தாம் அங்கத்தில் அரசனைக் காட்டிக்கொடுப்பதற்குச் சுருங்கை வழியே பகைவன்பாற் செல்லும் குடிலன், கோட்டைக்கு வெளியே தனித்து நின்று நெடிது பேசுகின்றான். அத்தனிமொழியைச் சுருங்கைக்குள்ளேயே நிகழ்த்திவிடலாம் என்பது மாணவரின் எண்ணம். சுண்ணக்கல் நிலத்திற் சுருங்கைக்கு எங்கே போவது? ஆய்வுகூடச் சுவருக்கும் எல்லை மதிலுக்கும் நடுவே ஒரு முழ அகலத்தில் ஒரு சந்து உண்டு. இரவு ஏழு மணிக்கு மேல், கையில் ஒரு மின்சூளுடன் குடிலன் அதனூடே ஒருக்களித்து நடந்தான். முதல் முறை தனிமொழி முழுவதையும் உரத்துச் சொன்னான். நன்றாகச் சொன்னான், ஆனால் அரண்மனைச் சதிகாரன் தன் சதியை அயலவரெல்லாம் கேட்கக் கூவுவதுபோல் இருந்தது. இரண்டாம் முறை வாய் திறவாது நடந்தான். அப்பொழுது அவன் அமைச்சனாகத் தெரியவில்லை. இருட்டிலே வழி தவறிய மாணவனாகவே தெரிந்தான். மூன்றாம் முறை சில அடிகளைத் தனக்குத்தானே முணுமுணுத்து, இடையிடையே நின்று, மதிலிற் கை ஊன்றி, மீண்டும் நடந்தான். கருவியைப் பிடித்திருந்தவன் தன்னையறியாமல் ஓரடி பின்வாங்கினான். அந்தப் பின்வாங்கல் படத்திலும் விழுந்திருக்கின்றது. அதனை நீக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நூலிலே கரிக்கோலால் அடையாளமிட்டுப் பார்த்தேன். அந்நெடிய தனிமொழியில் எஞ்சியவை நான்கே அடிகள்.

எந்த நான்கு என்பதில் அவர்களுக்குள் இன்னும் இணக்கம் ஏற்படவில்லை. குடிலனாய் நடித்தவன் தான் சொல்லியவையே நிற்க வேண்டும் என்கிறான். கருவி பிடித்தவன் வேறு இரண்டைச் சேர்க்க வேண்டும் என்கிறான். அவற்றின் பொருளை விளக்குமாறு இருவரும் தனித்தனியே என் வீட்டுக்கு வந்து, நூலை வாங்கிச் சென்றுள்ளனர்.