மேகத்தில் மாமாவின் கணக்கு



எங்கள் ஊர் லைட்ஹவுஸ் குப்பம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பழவேற்காடு ஏரி. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கும் என் மாமா, "கம்ப்யூட்டர் படிக்கிறியேடா, என் பில் கணக்குக்கு ஒரு வழி பண்ணு" என்றார். 2004 சுனாமியில் அவருடைய கடன் நோட்டு தண்ணீரோடு போய்விட்டது. அன்று அவரவர் சொன்னதுதான் பாக்கி!

கிளவுட் என்றால் கணக்கு எங்கோ தொலைவில் உள்ள சர்வரில் இருக்கும். 'இனி கடல் வந்தாலும் போகாது' என்று பெருமையாக ஒரு பில்லிங் ஆப் போட்டுக் கொடுத்தேன். பதினைந்தாம் நாள் இலவசக் காலம் முடிந்தது. பணம் கட்டினால்தான் திறக்குமாம்! உள்ளே பாக்கிக்காரர்கள் பட்டியல். மாமா திட்டவில்லை. "அந்த நோட்டைக் கடல் கொண்டுபோச்சு. இதை யாருடா கொண்டுபோனது?" என்றார். படித்த பிள்ளை தலைகுனிந்தேன்.

பணம் கட்டித் திறந்த பிறகுதான் கேள்விகளை எழுதினேன். சிக்னல் இல்லாதபோதும் பில் போடுமா? பாதிப் பணம் வந்தால் மீதியைப் பாக்கியில் காட்டுமா? மொத்தக் கணக்கையும் எக்ஸெல் ஃபைலாக வெளியே எடுக்கலாமா? 2017-ல் வந்த ஜி.எஸ்.டி.யில், சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு கட்டாயம். மாமாவுக்கு அந்த வசதிக்குக் கூடுதல் பணம் எதற்கு?

இப்போது வேறு ஆப். ஞாயிறுதோறும் ஃபைலை இறக்கிப் பென்டிரைவில் வைக்கிறேன். நோட்டும் உண்டு!

தோழர்களே, உள்ளே போகும் வழியை எல்லாரும் காட்டுவார்கள். வெளியே வரும் வழியை நாம்தான் முதலில் கேட்க வேண்டும்.