கோர் ஒன்று, த்ரெட் இரண்டு

புதிய சர்வர் கைக்கு வந்ததும் லினக்ஸில் நான் முதலில் அடிக்கும் கட்டளை எல்எஸ்சிபியு. ஒரு கோருக்கு எத்தனை த்ரெட் என்று சொல்லும் வரியைப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போவதில்லை. அங்கே 2 என்று இருந்தால், ஆப்பரேட்டிங் சிஸ்டம் காட்டும் 64 ப்ராசஸர்களில் உண்மையான கோர்கள் 32தான்.

ஒரே கோரை இரண்டு த்ரெட்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங்கை இன்டெல் 2002-இல் சர்வருக்கான ஸியான் சிப்பில் கொண்டுவந்தது. ஒரு த்ரெட் மெமரியிலிருந்து தரவு வரக் காத்திருக்கையில், சும்மா கிடக்கும் கணக்கு அலகுகளை இன்னொரு த்ரெட் எடுத்துக்கொள்ளும். ரெஜிஸ்டர்கள் தனித்தனி, கேஷ் பொது.

இந்த ஏற்பாடு தெரியாத ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் இந்தச் சிப்பின் பலன் குறையும். விண்டோஸ் 2000-க்கு இரண்டு த்ரெட்டும் இரண்டு முழு ப்ராசஸர்கள்தான். இரண்டு வேலைகளும் ஒரே கோரில் நெருக்கியடிக்க, பக்கத்துக் கோர் சும்மா நிற்கலாம். விண்டோஸ் சர்வர் 2003-உம் லினக்ஸ் 2.6 வரிசையும் இந்த வேறுபாட்டை அறிந்து வேலை பிரித்தன. முதலில் காலிக் கோர்களை நிரப்பு, பிறகே இரண்டாம் த்ரெட்டைத் தொடு என்பது வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் ஷெட்யூலரின் கணக்கு. எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் இது.

ஆனால் அதனாலேயே ஒரு பொறியும் உண்டு. 32 கோர்களும் நிரம்பிய நிலையில் சிபியு பயன்பாடு 50 சதவீதம் என்றுதான் திரையில் தெரியும். இன்னும் பாதி மிச்சம் என்று நம்பி வேலையை ஏற்றினால், மறுமொழி நேரம் இழுக்கத் தொடங்கிவிடும். மிச்சம் இருப்பது பாதியல்ல. இரண்டாம் த்ரெட் கொஞ்சம் கூட்டித் தரும், அவ்வளவே. எவ்வளவு என்பது வேலைக்கு வேலை மாறும்.

டேட்டாபேஸைக் குறிப்பிட்ட சிபியுக்களில் கட்டிவைப்போரும் எண்களை அப்படியே நம்பக்கூடாது. 32 கோர் உள்ள பல இன்டெல் சர்வர்களில் 0-உம் 32-உம் ஒரே கோரின் ஜோடி. ஐபிஎம் பவர்8-இல் 0 முதல் 7 வரை எட்டும் ஒரே கோர். எது எதற்கு ஜோடி என்பதைக் கெர்னலே ஸிஸ் கோப்பகத்தில் எழுதிவைத்திருக்கிறது.

பொதுவான கேஷ் வழியே ரகசியம் கசியலாம் என்ற அச்சத்தில் 2018-இல் ஓபன்பிஎஸ்டி ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஹைப்பர்த்ரெடிங்கை இயல்பிலேயே அணைத்தது. 2021-இல் வந்த லினக்ஸ் 5.14, ஒன்றையொன்று நம்பாத வேலைகள் ஒரே கோரைப் பகிராமல் பிரித்துவைக்கும் கோர் ஷெட்யூலிங்கைக் கொடுத்தது. வாடிக்கையாளர்கள் பலருக்கு விர்ச்சுவல் மெஷின் தருபவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

அணைப்பதா விடுவதா என்று யாரிடமும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். உங்கள் வேலையை இரண்டு நிலையிலும் ஓட்டி அளந்து பாருங்கள். அதன்பிறகு முடிவெடுங்கள்.