பதினோராவது இடம்

2024 ஏப்ரல் கடைசியில ஒரு நாள். குப்பி படிக்கன்னு நாங்க ஏழு பேர் கன்டீன்ல கூடினோம். பாடம் அரை மணித்தியாலம்கூட ஓடல்ல. ஒருத்தன் கொப்பியோட கடைசிப் பக்கத்துல 1 தொடக்கம் 11 வரைக்கும் இலக்கம் போட்டு, "இலங்கையோட எக்காலத்துக்குமான கனவு அணி. எழுதுங்க பார்ப்போம்"னு நடுவுல தள்ளிவிட்டான். அதோட பரீட்சையை எல்லாரும் மறந்தாச்சு.

விதி ரெண்டுதான். இலங்கைக்காக விளையாடியிருக்கணும். "எனக்குப் பிடிக்கும்"னு மட்டும் சொல்ல ஏலாது, கணக்கு காட்டணும். மூணாவதா நான் ஒண்ணு சேர்த்தேன்: ஒவ்வொரு பெயருக்கும் இலக்கமே இல்லாத ஒரு காரணமும் வேணும். கணக்கு மட்டும்னா ஃபோனே சொல்லிடுமே, நாம எதுக்கு?

முதல்ல சண்டையே இல்லாம சில பெயர் விழுந்தது. சனத் ஜயசூரிய. முதல் 15 ஓவர்ல அடிச்சு ஆடலாம்னு 1996ல உலகத்துக்கே பாடம் எடுத்த மனுஷன். அரவிந்த டி சில்வா. அதே வருஷம் லாகூர் இறுதிப்போட்டியில ஆட்டமிழக்காம 107, கூடவே மூணு விக்கட். அர்ஜுன ரணதுங்க. கணக்குல அவரைவிடப் பெரியவங்க இருக்காங்க. ஆனா 1995 மெல்பர்ன்ல நடுவர் 'நோ போல்' சொல்லிக்கிட்டே இருந்தபோதும், அதுக்குப் பிறகும், முரளியைக் கைவிடாத தலைவர் அவர். என் மூணாவது விதி அவருக்காகவே வச்ச மாதிரி இருந்தது. மஹேல ஜயவர்தன 374. சமிந்த வாஸ் 19 ஓட்டத்துக்கு 8 விக்கட். லசித் மாலிங்க நாலு பந்துல நாலு விக்கட். அஞ்சலோ மெத்திவ்ஸ் 2014ல லீட்ஸ்ல அடிச்ச 160.

குமார் சங்கக்கார பெயரை நான்தான் எழுதினேன். எழுதும்போது கொஞ்சம் திமிரும் இருந்தது. அவர் பிறந்தது எங்க மாத்தளையில, 1977 ஒக்டோபர்ல. 134 டெஸ்ட்ல 12,400 ஓட்டம். சராசரி 57.40. படிச்சு வளர்ந்தது எல்லாம் கண்டின்னு சொல்லி கண்டிப் பொடியன் ஒருத்தன் உரிமை கொண்டாடப் பார்த்தான். விடல்ல.

ஆனா இலக்கமில்லாத காரணம் கேட்டப்போ நான் மாத்தளையைச் சொல்லல்ல. 2011 ஜூலையில லோர்ட்ஸ் மைதானத்துல அவர் ஒரு உரை ஆற்றினார். 1983 கலவரத்துல அவரோட அப்பா அம்மா கண்டி வீட்ல தமிழ்க் குடும்பங்களை ஒளிச்சு வச்சிருந்ததை அதுல சொல்றார். அப்போ அவருக்கு அஞ்சு வயசு. வீடு நிறையப் பிள்ளைகள், பகல் முழுக்க விளையாட்டுன்னு சந்தோஷப்பட்டதா சொல்றார். அதே வாரந்தான் மாத்தளை டவுன்ல எங்க ஆட்களோட கடைகள் எரிஞ்சது. அந்த உரையைப் படிச்ச நாள்ல இருந்து அவரோட கவர் டிரைவை என்னால வெறும் கவர் டிரைவா பார்க்க முடியல்ல.

அடுத்தது முரளி. 800 டெஸ்ட் விக்கட், 534 ஒருநாள் விக்கட். யாரும் வாய் திறக்கல்ல. "இலக்கமில்லாத காரணம்?"னு பக்கத்துல இருந்த சிங்களத் தோழி கேட்டா. உடனே சொல்ல வரல்ல. இங்க உங்களுக்குச் சொல்றேன்.

முரளியோட தாத்தா தென்னிந்தியாவுல இருந்து தோட்ட வேலைக்கு வந்தவர். எங்க தாத்தாவோட அப்பாவும் அப்படித்தான். 1948 சட்டம் எங்க ஆட்களை நாடற்றவங்களா ஆக்கினது. 1964ல சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்குன்னு பிரிச்சாங்க. எங்க தாத்தா இந்தியாவுக்கு விண்ணப்பிச்சார். புறப்பட முந்தி 1984ல தலைமன்னார் கப்பல் நின்னுபோச்சு. அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. கடைசியில 2003 சட்டத்தாலதான் அவருக்கு இலங்கைக் குடியுரிமை கிடைச்சது.

அப்போ யோசிச்சுப் பாருங்க. 1996 மார்ச் 17ல முரளி உலகக்கிண்ண இறுதியில பந்து போட்டப்போ, லயத்துல ரேடியோவுக்குப் பக்கத்துல உட்கார்ந்து கேட்ட எங்க தாத்தா இந்த நாட்டுப் பிரஜையே இல்ல. "நம்ம பொடியன்"னு அவர் சொன்னதுல எந்த 'நம்ம' இருந்ததுன்னு எனக்கு இன்னும் சரியா விளங்கல்ல. எனக்கு முரளி அணியில இருக்கிறது அதுக்காகத்தான்.

இதே காரணத்தாலதான் எங்க அப்பா இந்தியாவுக்குக் கை தட்டுறவர். வீட்ல பெட்டி கட்டி வச்சிருந்த காலத்துல வளர்ந்தவர். போகாத ஊர் மேல ஒரு பாசம். 2011 உலகக்கிண்ண இறுதியில மஹேல சதம் அடிச்சும் நாங்க தோத்தோம். முரளிக்கு அதுதான் கடைசி சர்வதேசப் போட்டி. விக்கட்டே கிடைக்கல்ல. தோனி சிக்ஸர் அடிச்சப்போ அப்பா எழும்பிச் சிரிச்சார். எட்டு வயசு நான் தலகாணியில முகத்தை வச்சு அழுதேன். அடுத்த நாள் கடையில ஒரு மாமா என்னைப் பார்த்து, "உங்க ஆட்கள் வென்றுட்டாங்க, என்ன?"ன்னு சிங்களத்துல கேட்டார். ராத்திரி பூரா அழுத வீங்கின கண்ணோட நின்னேன். பதில் சொல்லத் தெரியல்ல.

சரி, கன்டீனுக்கு வருவோம். சனத்தோட கூட இறங்க ஆள் வேணும். மார்வன், டில்ஷான்னு பெயர் வந்தது. நான் "சமரி அத்தபத்து"ன்னேன். மேசையே சிரிச்சது.

"மச்சான், இது ஆம்பிளைங்க டீம்டா." யார் சொன்னது? விதியில அப்படி இல்லையே. இலங்கைக்காக விளையாடியிருக்கணும், விளையாடியிருக்கா. கணக்கு? ரெண்டு கிழமைக்கு முந்தித்தான் தென்னாபிரிக்காவுல 302 ஓட்டத்தைத் துரத்தி, 139 பந்துல ஆட்டமிழக்காம 195. 2017 உலகக்கிண்ணத்துல அவுஸ்திரேலியாவோட 178. "மாலிங்கவோட யோர்க்கரை அவளால ஆட ஏலுமா?"ன்னு ஒருத்தன். மாலிங்க நம்ம டீம்தான்டா, எதுக்கு அவரோட பந்தை அவ ஆடணும்? அதோட, 1996 அர்ஜுனவும் 2014 மெத்திவ்ஸும் ஒரே மைதானத்துல நிக்கிறது மட்டும் நடக்கக்கூடியதா? கனவுல எல்லாரையும் விடலாம், பொம்பிளையை மட்டும் விடக்கூடாதா?

ஏழு பேர்ல நாலு பேர் கை தூக்கினாங்க. சமரி உள்ள.

பதினோராவது இடத்துக்கு ரங்கன ஹேரத். 433 டெஸ்ட் விக்கட். முரளிக்குப் பின்னால பல வருஷம் காத்திருந்து, பிறகு அந்தப் பாரத்தைத் தனியாச் சுமந்த மனுஷன். பன்னிரண்டாவது ஆளா மகாதேவன் சதாசிவம். 1947ல சேப்பாக்கத்துல 215 அடிச்சவர். இலங்கை முதல் டெஸ்ட் ஆடினதே 1982ல. அதுக்கு அஞ்சு வருஷத்துக்கு முந்தியே அவர் இறந்துட்டார். நாட்டுக்கு வாசல் திறக்க முந்தியே வாசல்ல நின்னவர்.

லிஸ்டை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாக்கிட்ட காட்டினேன். "டெண்டுல்கர் எங்க புள்ள?"ன்னார். பகிடிதான், ஆனா பாதி.

ஜூலையில பெண்கள் ஆசியக்கிண்ணம் எங்க மாவட்டத்துலயே, தம்புள்ளையில. 28ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை இறுதிப்போட்டி, இந்தியாவோட. அப்பாவை இழுத்துக்கிட்டு பஸ் ஏறினேன். நாலந்த, நாவுல எல்லாம் தாண்டிப் போற வரைக்கும் அவர் ஒண்ணும் கதைக்கல்ல. இந்தியா 165 அடிச்சது. ஸ்மிருதி மந்தானா 60 அடிச்சப்போ அப்பா மெதுவாக் கை தட்டினார். பக்கத்துல இருந்த சிங்களக் குடும்பத்து ஆச்சி திரும்பிப் பார்த்தா. எனக்கு நெஞ்சு திக்குன்னது. அந்த ஆச்சி கடலைப் பொட்டலத்தை அப்பா பக்கம் நீட்டினா. அவ்வளவுதான்.

சமரி 61ல ஆட்டமிழந்தப்போ மைதானமே உறைஞ்சுபோச்சு. மற்றப் பக்கம் ஹர்ஷித்தா சமரவிக்ரம நின்னா. பதறல்ல. கடைசி வரைக்கும் 69, ஆட்டமிழக்காம. 18.4 ஓவர்ல முடிச்சாங்க, எட்டு விக்கட்டால. பெண்கள் ஆசியக்கிண்ணம் இலங்கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. நான் கத்தினேன். திரும்பிப் பார்த்தா அப்பாவும் எழும்பி நிக்கிறார். கை தட்டினாரான்னு கேட்காதீங்க, நான் அழுதுகிட்டிருந்தேன், சரியாப் பார்க்கல்ல.

திரும்பி வர்ற பஸ்ல, "அந்த லிஸ்டு வச்சிருக்கியா?"ன்னு கேட்டார். ஃபோன்ல ஃபோட்டோ இருந்தது. கண்ணைச் சுருக்கி வாசிச்சார். "கடைசியில அந்த ஹர்ஷித்தாப் புள்ளையைப் போடு. சமரி போன பிறகு நின்னவ அவதானே."

ஹேரத்தைத் தூக்கணும்னா மனசு வரல்ல. 433 விக்கட்டைப் பார்த்தா அப்பா சொல்றது பிழை. மூணாவது விதியைப் பார்த்தா சரி. கொப்பியில பதினோராவது இடத்துல இப்போ ரெண்டு பெயர் இருக்கு, ஒண்ணையும் வெட்டல்ல. டெண்டுல்கர் எங்கன்னு மட்டும் அப்பா அதுக்குப் பிறகு கேட்கல்ல.