வட்டகொடையில் இரண்டு கமராக்கள்



பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ ரயிலில் போயிருப்பீர்கள். தலவாக்கலையைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஒரு சின்னஞ்சிறு ஸ்டேஷன் வரும். வட்டகொடை. ஓரிருவர் இறங்குவார்கள், ஓரிருவர் ஏறுவார்கள். நீங்கள் பிள்ளைக்குப் பாண் பிய்த்துக் கொடுத்து முடிப்பதற்குள் வண்டி புறப்பட்டுவிடும். நானும் எத்தனையோ தடவை அப்படித்தான் கடந்து போயிருக்கிறேன். 2024 ஆகஸ்டில்தான் முதல் முறையாக அங்கே இறங்கினேன். இறங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் ராத்தாவின் மகள் கல்யாண வீடுகளில் பெண்கள் பகுதிக்குப் படம் எடுப்பவள். பெண்கள் இருக்கும் இடத்துக்கு ஆண் படக்காரர் வருவதை விரும்பாத குடும்பங்கள் நம்மில் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். அதனால் அவளுக்கு வேலைக்குக் குறைவில்லை. கையிலிருந்த கமரா நிக்கோன் டீ 3200. 2012ல் வந்த மாதிரி. அவளுடைய வாப்பா கட்டாரிலிருந்து வரும்போது வாங்கி வந்தது. புதிதாகப் பழகுபவர்களுக்கென்றே செய்த, கண்ணாடி வைத்த கமரா. இந்தத் தொழிலிலேயே இருக்கும் ஒருவர், "இனி இந்தக் கண்ணாடிக் கமராவுக்கு மதிப்பில்லை, கண்ணாடி இல்லாததுதான் காலம், மாற்றாவிட்டால் கூப்பிட ஆள் இருக்காது" என்று அவளிடம் சொல்லிவிட்டார். பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ராத்தா ஒன்றும் பேசாமல் கையிலிருந்த காப்பைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவளிடம் இருப்பதே அந்த ஒரு ஜோடிதான். 2022ல் ரூபாய் விழுந்த விழுக்காட்டுக்குப் பிறகு வெளிநாட்டுப் பொருள் ஒன்றை வாங்குவது என்ன பாடு என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"காப்பை எடுத்துப் போடு ராத்தா. முதலில் இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம்" என்றேன். தெரிந்த ஒரு பெண்ணிடம் நிக்கோன் இசட் 50 இருந்தது. 2019ல் வந்தது, கண்ணாடி இல்லாதது. (2024 நவம்பரில் அதற்கும் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. இந்தச் சாமான்களுக்கு வயது போகும் வேகம் அப்படி!) இரண்டு நாளுக்கு இரவல் தந்தாள். தலவாக்கலை பஸாரில் என் வீட்டுக்காரரின் சொந்தக்காரர் கடை வைத்திருக்கிறார். இரவு தங்க இடமும் ஆயிற்று.

பேராதனைச் சந்தியில் ஏறினோம். முதலில், கண்ணாடி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பழைய கமராவின் வயிற்றுக்குள், சாய்வாக ஒரு சிறு முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கிறது. லென்ஸ் வழியே வரும் வெளிச்சம் அதில் பட்டு மேலே ஏறி உங்கள் கண்ணுக்கு வருகிறது. நீங்கள் காண்பது அசல் வெளிச்சம். பொத்தானை அமுக்கியதும் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், படம் விழும், கண்ணாடி திரும்ப இறங்கும். "டக்" என்ற சத்தத்தில் பெரும் பங்கு அந்தக் கண்ணாடியினுடையது. அது ஆடுவதற்கு இடம் வேண்டும் என்பதால் லென்ஸ் மாட்டும் வாய்க்கும் படம் பிடிக்கும் தகட்டுக்கும் இடையில் 46.5 மில்லிமீட்டர் விட்டிருக்கிறார்கள். புதியதில் கண்ணாடியே இல்லை. அந்த இடைவெளி 16 மில்லிமீட்டர்தான். வெளிச்சம் நேரே தகட்டில் விழுகிறது. நீங்கள் கண்ணை வைத்துப் பார்ப்பது ஒரு குட்டித் தொலைக்காட்சியை.

பாரமும் அதற்கேற்பக் குறைவு. கூடவே வரும் லென்ஸையும் சேர்த்தால் பழையது 770 கிராம், புதியது 585. காகிதத்தில் சிறிய வித்தியாசம். கல்யாண மண்டபத்தில் ஐந்து மணி நேரம் கழுத்தில் தொங்கினால்தான் அதன் அருமை தெரியும் என்கிறாள் மகள்.

ஹட்டனைத் தாண்டிச் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்தது. பழையதில் கண்ணை வைத்தாள்: இருட்டு. புதியதில் வைத்தாள்: எதிர் ஆசனத்திலிருந்த குழந்தையின் முகம் மங்கலாகவாவது தெரிந்தது, குட்டித் தொலைக்காட்சி தானே வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுகிறது. "ஒன்று பூச்சியம் புதியதுக்கு" என்று சிரித்தாள். ஆனால் கொட்டகலை கழிந்து, தேயிலை மலை ஜன்னலோரம் ஓடத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. சத்தமில்லாமல் எடுக்கும் முறையில் புதியதை வைத்து எடுத்த படங்களில், அருகே ஓடிய தந்திக் கம்பங்கள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றன! சத்தமில்லாத முறையில் தகடு படத்தை ஒரே நேரத்தில் படிக்காமல் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. அதற்குள் ரயில் நகர்ந்துவிடுகிறது. இது ஒரு கம்பெனியின் குறையல்ல, இந்த முறையின் இயல்பு. மண்டபத்து எல்.இ.டி. விளக்குகளின் கீழும் இதே முறையில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழக்கூடும். புதியது வாங்கிய சகோதரிகள் இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவ்விடங்களில் சத்தம் போட்டாலும் சாதாரண ஷட்டரையே பயன்படுத்துங்கள்.

வட்டகொடையில் இறங்கியபோது பனிமூட்டம். நாலாயிரம் அடிக்கு மேலே, ஆகஸ்ட் மாதம். தண்டவாளத்தின் மறுமுனை தெரியவில்லை. நனைந்த தேயிலையின் வாசனையும், எங்கோ எரியும் விறகின் வாசனையும். 1867ல் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டதும், கோப்பிச் செடியை நோய் தின்றதும், 1885ல் ரயில் நானுஓயா வரை ஏறியதும் பாடப் புத்தகத்தில் படித்தவை. அந்தப் பாதையில் நின்றுகொண்டு மூச்சு வாங்கும்போது, தமிழ்நாட்டிலிருந்து நடந்தே இந்த மலைகளுக்கு வந்தவர்களைப் பற்றித்தான் எனக்கு எண்ணம் ஓடியது.

பனியில் ஒரு பாடம் கிடைத்தது. நம் பெண்களுக்கு மிகவும் பயன்படும், ஆகையால் விரிவாகவே சொல்கிறேன். கமராவுக்குப் பனி வெள்ளை என்று தெரியாது. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். ஆகவே பனியை எடுத்தால் அழுக்குத் துணி போல் படம் வரும். வெள்ளை உடுத்த மணமகளுக்கும் இதே கதிதான். கூட்டல் குறி போட்ட பொத்தானால் வெளிச்சத்தை ஒரு படி கூட்டினால் வெள்ளை வெள்ளையாகும். கறுப்பு அபாயா போட்டவர்கள் கூட்டமாக நின்றால் இதற்கு நேர்மாறு: கமரா கறுப்பைச் சாம்பலாக்கப் போய் முகங்களை வெளுத்துவிடும், ஒரு படி குறைக்க வேண்டும். இரண்டு கமராவும் ஒரே தவறைத்தான் செய்தன. வித்தியாசம் என்னவென்றால், புதியதில் படம் எப்படி வரப்போகிறது என்பது எடுக்குமுன்பே கண்ணுக்குத் தெரிகிறது. பழையதில் எடுத்துவிட்டுத்தான் பார்க்கலாம். மகள் பத்து வருடம் பழையதில் பழகியவள், பனியைக் கண்டதுமே விரல் தானாகப் பொத்தானுக்குப் போனது. தெரியாத பிள்ளைக்குப் புதியது சொல்லிக் கொடுக்கும். தெரிந்தவளுக்கு அவ்வளவு அவசரமில்லை.

ஸ்டேஷனுக்கு மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் படங்கு, தலையிலிருந்து தொங்கும் கூடை. படம் எடுக்கலாமா என்று கேட்டோம். நடு வயதுக்காரி ஒருவர் கையை நிறுத்தாமலே சொன்னார்:

"எடுத்துக்கங்கம்மா. போற ரயிலு வார ரயிலு எல்லாம் எடுக்குது. எங்க படம் எங்களுக்குத்தான் வர்றதில்ல."

எனக்குச் சுருக்கென்றது. எத்தனை நாட்காட்டியில், எத்தனை தேயிலைப் பெட்டியில் இவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறோம்! யாரென்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறோமா?

இது நேற்றுத் தொடங்கியதல்ல. இதே மலைநாட்டில், டிக்கோயாப் பக்கம், ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பெண் தன் கடைசி நாட்களைக் கழித்தார். 1815ல் கல்கத்தாவில் பிறந்தவர். பிள்ளைகள் வளர்ந்தபின் 48 வயதில், மகள் பரிசாகக் கொடுத்த கமராவால் படம் எடுக்கப் பழகி உலகப் புகழ் பெற்றவர். (48 வயதில்! "இனி எனக்கென்ன படிப்பு" என்று சொல்லும் சகோதரிகள் கவனிக்க.) 1875ல் கணவரோடு இலங்கைக்கு வந்தார், 1879ல் இறந்து, பொகவந்தலாவை தேவாலயத்தில் அடக்கமானார். அவர் காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயுமுன் படம் எடுத்து, ஈரம் காயுமுன்னே கழுவ வேண்டும். உட்கார்ந்திருப்பவர் பல விநாடிகள் ஆடாமல் இருக்க வேண்டும். அந்தப் பாட்டோடு இலங்கையிலும் தொழிலாளிகளையும் கிராமத்தவர்களையும் எடுத்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த பெரிய மனிதர்களின் பெயர்களெல்லாம் இருக்கின்றன. இங்கே எடுத்தவர்களில் பலருடைய பெயர் இல்லை.

அந்த அக்கா மதிய நிறுவைக்குப் போகும் வழியில் எங்களிடம் வந்தார். "எங்க மாமியா படுக்கையில இருக்காங்க. அடையாள அட்டையில உள்ள படத்தத் தவிர வேற படமே இல்ல. ஒன்னு எடுத்துத் தருவீங்களா?" என்றார்.

போனோம். லயத்தின் கடைசிக் காம்பரா. ஒரே ஒரு ஜன்னல், அதிலும் பாதி தகரம். விளக்கைப் போட்டும் அரை இருட்டு. கிழவியைத் தூக்கி உட்கார்த்தி, தலை சீவி, நல்ல சேலையைப் போர்த்தினார்கள். மகள் முதலில் பழையதை எடுத்தாள். லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி ஓடித் தேடியது. பிடிப்பதற்குள் பாட்டியின் முகம் தாழ்ந்துவிட்டது. வெளிச்ச எண்ணை 3200க்கு ஏற்றியதில் படம் முழுக்க மணல் தூவியது போல் இருந்தது. புதியதை எடுத்தாள். அது கண்ணைத் தானே தேடிப் பிடித்தது. 6400ல் எடுத்தும் தோலின் சுருக்கம் ஒவ்வொன்றும் தெளிவு. வீட்டுக்குள், மங்கல் வெளிச்சத்தில், ஆடும் முகத்துக்குப் புதியதே மேல். அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

ஆனால் பாருங்கள், சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டிருந்ததால், படம் எடுத்தாயிற்றா இல்லையா என்று பாட்டிக்குத் தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். "இன்னும் எடுக்கலியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மகளுக்கு என்ன தோன்றியதோ, பழையதைத் திரும்ப எடுத்து, கட்டிலைச் சற்று வாசல் பக்கம் நகர்த்தச் சொல்லி, ஒரு தடவை அமுக்கினாள். "டக்." "ஆ, எடுத்துட்டா" என்று பாட்டி தோளைத் தளர்த்திப் பல்லில்லாத வாயால் சிரித்தார். அந்தச் சிரிப்பை அடுத்த "டக்" பிடித்துக்கொண்டது. கொஞ்சம் மணல்தான். ஆனால் குடும்பம் முழுக்க அந்தப் படத்தைத்தான் கேட்டது.

இரவு தலவாக்கலையில் கணக்குப் போட்டோம். புள்ளிக் கணக்கில் பழையதுதான் பெரியது: 242 இலட்சம் புள்ளி, புதியதில் 209 இலட்சம்தான். புள்ளி கூடினால் படம் நன்றாகும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலப் படத்தை நேர்த்தியாக அச்சடிக்க 87 இலட்சம் போதும். பாட்டரி: பழையது ஒரு தடவை ஏற்றினால் 540 படம் என்பது கணக்கு, புதியது ஏறத்தாழ 300, அந்தக் குட்டித் தொலைக்காட்சி மின்சாரம் குடிக்கிறது. புதியது வாங்கினால் இன்னொரு பாட்டரிக்கும் காசு வையுங்கள். குளிரிலிருந்து சூடான அறைக்குள் வந்ததும் கமராவை வெளியே எடுக்க வேண்டாம். பைக்குள்ளேயே அரை மணி கிடக்கட்டும், இல்லாவிட்டால் லென்ஸில் வேர்க்கும். மலைநாட்டு ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் படரும். பழைய லென்ஸ் வாங்குவதானால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

என் யோசனை இது: பழைய கமராவுக்கே 35 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குவது. கூடவே வந்த லென்ஸை விட ஆறு மடங்குக்கு மேல் வெளிச்சத்தை அது உள்ளே விடும். அந்தக் காம்பராவில் 3200 வேண்டிய இடத்தில் 500 போதும். பாவித்த லென்ஸ் என்றால் விலையும் கைக்கு எட்டும். பிறகு ஒரு காலத்தில் புதியது வாங்கினாலும் இடையில் ஒரு வளையத்தை வைத்து இதே லென்ஸை மாட்டலாம், வீணாகாது. மகள் முழுவதும் ஒப்பவில்லை. "நிக்காஹ் ஓதும் நேரத்தில் டக் டக் என்றால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், சாச்சி. அந்த நாட்களுக்கு மட்டும் புதியதை வாடகைக்கு எடுக்கிறேன்" என்றாள். அதுவும் சரியாகவே பட்டது. காப்பு ராத்தாவின் கைக்கே திரும்பிப் போயிற்று.

மறுநாள் காலை பஸாரில் படத்தை அச்சடித்து, சட்டம் போட்டு, பஸ் பிடித்து மீண்டும் வட்டகொடைக்குப் போனோம். அந்த அக்கா மலையில் இருந்தார். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். படத்தைப் பார்த்தார். பக்கத்து நிரையில் நின்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். மகள் பின்பக்கத்தில் எழுதுவதற்காகப் பாட்டியின் பெயரைக் கேட்டாள். அவர் சொல்லச் சொல்ல, சட்டத்தின் பின்புறத்தில் பெயரையும், ஊரையும், தேதியையும் எழுதிக் கொடுத்தாள்.

நீங்களும் அந்தப் பக்கம் போவதானால், வட்டகொடையில் நிற்கும் வண்டியா என்று கேட்டு ஏறுங்கள். 2025 நவம்பர் கடைசியில் அடித்த டித்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் பெயர்ந்தது. ஆகவே ஸ்டேஷனில் விசாரித்துக்கொண்டே புறப்படுங்கள். பஸ்ஸானால் தலவாக்கலையிலிருந்து கிடைக்கும்.