அம்மாவின் தோட்டத் தறை

யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் வெளிவரும் மரண அறிவித்தல்களுக்கு மாறாத இலக்கணம் ஒன்று உண்டு. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, அன்னார் இன்னாரின் அன்பு மகள், இன்னாரின் பாசமிகு மனைவி, கனடாவிலும் இலண்டனிலும் பிரான்ஸிலும் வாழும் பிள்ளைகளின் தாயார், பேரப்பிள்ளைகளின் பேத்தியார் என்று உறவுகளை வரிசைப்படுத்தி, கிரியைகளின் நேரத்துடன் அவை முடிவடையும். உத்தியோகம் பார்த்தவராயின் பெயரின் கீழே அடைப்புக்குறிக்குள் 'ஓய்வுபெற்ற அதிபர்', 'முன்னாள் தபாலதிபர்' என்று ஒரு குறிப்பு இருக்கும். தோட்டம் செய்த பெண்களுக்கு அந்த அடைப்புக்குறி கிடைப்பதில்லை. 2023ஆம் ஆண்டில் தமது எண்பதாவது வயதில் காலமான எனது தாயாருக்கும் அது கிடைக்கவில்லை. அது மரபு, எவரையும் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அம்மா நாற்பது வருடங்களுக்கு மேலாக ஒரு தொழில் செய்தார். அதைப் பற்றி எழுதவே விரும்புகிறேன்.

எமது ஊர் நீர்வேலி. செம்மண் பூமி. அப்பாவுக்கு ஆறு பரப்புத் தோட்டத் தறை இருந்தது. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரின் அரசாங்கம் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியபோது, யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது. எமது கல்வீடும் தண்ணீர் இறைக்கும் இயந்திரமும் அந்தக் காலத்து வெங்காயம் தந்தவை. 1977இல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் வந்ததும் விலை வீழ்ந்தது. அடுத்த இரண்டு வருடங்களில் அப்பா நோயில் வீழ்ந்து காலமானார். அப்போது அம்மாவுக்கு வயது முப்பத்தாறு. எனக்குப் பதினொன்று, தம்பிக்கு எட்டு, தங்கைக்கு நான்கு.

தறையைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வருவதைக் கொண்டு பிள்ளைகளை வளர்க்கும்படி உறவினர்கள் ஆலோசனை கூறினர். "தறையைக் குத்தகைக்கு விட்டால் பிள்ளையளும் குத்தகைக்குத்தான் போகுங்கள்" என்று அம்மா மறுத்துவிட்டார். அதிகாலை நான்கு மணிக்கு முன்னர் எழுந்து சமைத்து மூடிவைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போவார். பாத்தி கட்டுவதும் நடுவதும் களை பிடுங்குவதும் அவரே. பிடுங்கிய வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டித் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுசென்று, வியாபாரிகளுடன் சதக் கணக்கில் வாதாடி விற்றுவிட்டு வருவார். ஊரில் அவருக்குக் கஞ்சத்தனக்காரி என்ற பெயரும் இருந்தது. சைக்கிளிலிருந்து வீதியில் உதிர்ந்த நாலு வெங்காயத்தைப் பொறுக்குவதற்காக என்னைத் திரும்பவும் அரை மைல் தூரம் அனுப்பியவர் அவர்.

ஒவ்வொரு போகத்திலும் விதைக்கென ஒரு பங்கைத் தெரிந்தெடுத்து, குசினிப் புகை படும் இடத்தில் வளையில் தொங்கவிடுவார். வீட்டில் எவ்வளவு கஷ்டம் வந்தாலும் அதில் ஒருவரும் கைவைக்கக் கூடாது. "விதையைத் திண்டவன் அடுத்த போகத்தைத் திண்டவன்" என்பார்.

1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது மண்ணெண்ணெய் பொன்னாகியது. தண்ணீர் இயந்திரம் ஓய்ந்தது. அம்மா மனம் தளரவில்லை. கைவிடப்பட்டிருந்த துலாவைத் திருத்துவித்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீட மாணவனாக இருந்த நான், காலையில் தம்பியுடன் துலா மிதித்துவிட்டே விரிவுரைக்குப் போவேன். நான் பெற்ற பட்டத்தில் அந்தக் கிணற்றுத் தண்ணீருக்கும் பங்குண்டு.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் அனைவருடனும் நாமும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனோம். விதை வெங்காயம் வளையிலேயே தொங்கியது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வளையும் இல்லை, கூரையும் இல்லை. அம்மா வீட்டுக்குள் போகுமுன் கிணற்றை எட்டிப் பார்த்தார். "தண்ணி கிடக்கு" என்றார். அப்பாவின் நினைவாகப் பாதுகாத்து வந்த தாலிக்கொடியை விற்று விதை வாங்கினார். கூரை வேய்ந்தது அதற்குப் பிறகுதான்.

அவரது மிகக் கடினமான உழைப்பு அறுபது வயதைக் கடந்த பின்னரே வந்தது. கிளிநொச்சியில் ஆசிரியையாக இருந்த தங்கை, தனது இரண்டு வயது மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, ஒரு கிழமையில் வருவதாகக் கூறிச் சென்றாள். 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை மூண்டு ஏ-9 வீதி மூடப்பட்டது. ஒரு கிழமை மூன்று வருடங்களாகியது. இறுதி மாதங்களில் தங்கையும் கணவரும் உயிருடன் இருக்கிறார்களா என்பதைக்கூட அறிய வழி இருக்கவில்லை.

குழந்தை இயல்பாகவே அம்மம்மாவை 'அம்மா' என்று அழைக்கத் தொடங்கியது. அம்மா அதற்கு ஒருநாளும் இடங்கொடுக்கவில்லை. இரவில் படுக்கைக்குப் போகுமுன் தங்கையின் புகைப்படத்தை எடுத்துக் காட்டி, "நான் அம்மம்மா. உன்ரை அம்மா இவ. வருவா" என்று சொல்லிக் கொடுப்பார். எந்தச் செய்தியும் வராத நாட்களிலும் அது தவறவில்லை.

2009 இறுதியில், செட்டிகுளம் முகாமிலிருந்து விடுவிக்கப்பட்ட தங்கை எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தாள். ஐந்து வயதுப் பிள்ளை அம்மம்மாவின் பின்னால் ஒளிந்தது. அம்மா பிள்ளையின் கையைப் பிடித்துத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர் கட்ட வேண்டும் என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாராம். இருட்டும்வரை அவர் வீட்டுக்கு வரவில்லை. அன்று தறையில் பயிர் எதுவும் இருக்கவில்லை என்பதைத் தங்கை பின்னர் என்னிடம் கூறினாள்.

தம்பியின் பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள். தொலைபேசியில் பேசும்போது, "அங்கை உங்கட வளவிலை என்ன நட்டிருக்கு?" என்பதுதான் அவர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி. பனியைப் பற்றி அவர்கள் சொன்னால், அது உருகினால் தண்ணீர்தானே என்பார்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும், எந்த நாட்டில் இருந்தாலும், இப்படி ஒரு தாயாரோ பேத்தியாரோ இருந்திருப்பார். அவரது அன்பைப் பிள்ளைகளுக்கு எப்படியும் சொல்வீர்கள். அவர் செய்த தொழில் என்ன, அதை எவ்வாறு செய்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லி வையுங்கள். இப்போது அந்த ஆறு பரப்பில் அயலவர் ஒருவர் வாழை வைத்திருக்கிறார். கிணற்றடியில் ஒரு சிறு துண்டில் மட்டும் தங்கை வெங்காயம் நடுகிறாள். விதையை அவள் விற்பதில்லை.