கரகரப்புக்கும் ஓர் அளவு உண்டு

திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு வீட்டின் முன்னறை. மேசை மேல் பின்மூடி கழன்ற பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ, மல்டிமீட்டர், ஈயச் சுருள், சிறு அலுமினியப் பெட்டி. எதிரே உட்கார்ந்திருக்கும் அண்ணன் முப்பது வருடமாக மைக் செட் ஆம்ப்ளிபயர் பழுது பார்ப்பவர். கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழா வந்துவிட்டால் வீடு தங்க மாட்டார்.

"ஆயுசு பூரா கரகரப்பை எடுக்கத்தான் தம்பி காசு வாங்கினேன். இவன் என்னடான்னா கரகரப்பை உண்டாக்கித் தாங்க மாமான்னு வந்து நிக்கிறான்" என்று அக்கா மகனைக் காட்டினார். பையன் சர்ச்சில் கிட்டார் வாசிக்கிறான். அவன் கேட்டது டிஸ்டார்ஷன் பெடல், காலால் மிதித்துக் கிட்டார் ஒலியைக் கரகரக்க வைக்கும் பெட்டி. அதிலும் ஃபஸ் என்ற பழைய வகை.

இந்த ஒலியே ஒரு பழுதில் பிறந்ததுதான். 1960இல் அமெரிக்காவின் நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸ் பாட்டுக்கு கிரேடி மார்ட்டின் வாசித்தபோது, ஒலிப்பதிவு மேசையின் ஒரு பகுதி கெட்டுப்போய்க் கிட்டார் உறுமியது. அந்தப் பழுதைப் பெட்டிக்குள் அடைத்து 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்டோன் விற்பனைக்கு வந்தது. 1966இல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் என்ற பெடலைக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் உலகறியச் செய்தார்.

அண்ணன் செய்வது அந்த ஃபஸ் ஃபேஸின் சர்க்யூட். இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கண்டன்சர், இரண்டு கன்ட்ரோல், 9 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான். கிட்டாரின் மெல்லிய அலையை இரண்டு டிரான்சிஸ்டரும் ஊதிப் பெருக்குகின்றன. பேட்டரி கொடுக்கும் உயரத்துக்கு மேல் அலை எழும்ப முடியாமல் அதன் தலை தட்டையாகிறது. காதுக்கு அதுதான் கரகரப்பு.

அதற்கு வேண்டிய ஏசி128 டிரான்சிஸ்டர் நம் வீட்டுப் பழைய ரேடியோக்களில் ஸ்பீக்கரை ஓட்டியதுதான். கழற்றி வைத்த டப்பாவைக் கவிழ்த்தார். சிறு சிறு உலோகக் குழல்கள். ஒவ்வொன்றையும் மீட்டரில் மாட்டினார். பேஸ் காலை எதிலும் இணைக்காதபோதே கொஞ்சம் மின்சாரம் ஓடுகிறது. அதுதான் கசிவு. அதைக் கழிக்காமல் மீட்டர் காட்டும் பெருக்கத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். நான் ஒன்றை விரலால் பிடித்ததும் எண் ஏறத் தொடங்கியது. "கைச்சூடு பட்டுருச்சு. அஞ்சு நிமிஷம் விடுங்க" என்றார். டப்பா முழுதும் பார்த்துத் தேறியது ஆறுதான். முதல் இடத்துக்குப் பெருக்கம் 70 அல்லது 80, இரண்டாவதற்கு 120 போல. இதுதான் அவர் கணக்கு.

பற்றவைக்கும்போது டிரான்சிஸ்டர் காலை மூக்குக் குறடால் கவ்விப் பிடிக்கிறார். சூடு உள்ளே ஏறாமல் குறடு வாங்கிக்கொள்ளும். பெட்டியில் துளை போட்டவர் பக்கத்துத் தெருப் பூட்டுத் தொழிலாளி. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுக்கு லீவர் ராவிய அரம், இங்கே ஜாக் துளையின் பிசிறை எடுத்திருக்கிறது. திருப்பிப் பார்த்தேன், விரலில் எதுவும் உரசவில்லை.

முதல் பெட்டி மானத்தை வாங்கிவிட்டதாம். மே மாதம், காலை ஒத்திகையில் கணீரென்று உறுமியது, மதியம் தகரப் பந்தலுக்கு அடியில் தொண்டை கட்டிப்போனது. கொடைக்கானலில் ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோனால் அங்கே வேறு குரல். ஜெர்மானியத்தின் குணம் அது: 10 டிகிரி சூடு கூடினால் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் நிற்க வேண்டிய 4.5 வோல்ட் நகர்ந்துவிடும்.

அண்ணன் கண்ட வழி எளிது. அந்தக் கலெக்டரில் இருந்த 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, திருகி அளவை மாற்றக்கூடிய ஒரு பிரிசெட் வைத்தார். பெட்டியில் ஸ்க்ரூ டிரைவர் நுழைய ஒரு துளை. வாசிக்கும் இடத்தில் அரைச் சுற்றுத் திருப்பினால் குரல் திரும்பிவிடுகிறது. ஒன்று மட்டும் பையனுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்: இந்த சர்க்யூட்டில் பாசிட்டிவ்தான் தரை, மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் மாட்டினால் ஷார்ட்தான்.

பையன் மிதித்து வாசித்தான். நீண்டு, தடித்து, மெல்ல அவிந்த ஒலி. அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டார். "சத்தத்தை எடுக்கிறவனுக்குத்தான் தம்பி அதை எவ்வளவு வைக்கணும்னு தெரியும்."

உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தாவின் ரேடியோ ஒன்று கிடக்கலாம். பேரீச்சம்பழக்காரரிடம் போடும் முன், பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.