காலி வீட்டுத் தெருவும் பென்னிகுயிக் பொங்கலும்

லிவர்பூலில் குடியேறிய புதிதில் எனக்கு விளங்காமலே இருந்தவை அந்தப் பூட்டிய வீடுகள்தான். தேனிப் பக்கம் எங்கள் சின்னமனூரில் ஒரு வீடு காலியானால் மறுநாளே வாடகைக்கு ஆள் வந்து நிற்கும். இங்கே டாக்ஸ்டெத் பக்கம் தெருத் தெருவாகச் செங்கல் வீடுகள், சன்னலில் தகரம் அடித்துக் கிடந்தன. துறைமுகத்தில் வேலை வற்றியதும் சனம் கிளம்பிவிட்டது. 1931இல் எட்டரை லட்சம் பேர் இருந்த நகரம், 2001இல் 4.4 லட்சத்துக்கு இறங்கியிருந்தது.

நகரத்தைத் தூக்கி நிறுத்தக் கலையைத்தான் பிடித்தார்கள். 1988இல் பழைய துறைமுகக் கிடங்கில் டேட் ஓவியக்கூடம். 2008இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகர் பட்டம். ஆற்றங்கரை பளபளத்தது. பளபளப்பு மிஞ்சி, 2004இல் கிடைத்த யுனெஸ்கோ பாரம்பரிய அந்தஸ்து 2021இல் பறிபோனது தனிக் கதை.

எனக்குப் பிடித்தவை டாக்ஸ்டெத்தின் கிரான்பி தெருக்கள். 1981இல் அந்தப் பகுதியில் வெடித்த கலவரத்துக்குப் பிறகு, இடிப்பதற்கென்றே மாநகராட்சி அங்கே வீடுகளை வாங்கிக் காலி செய்தது. போக மறுத்த சில குடும்பங்கள், பெண்கள்தான் முன்னால், தெருவைக் கூட்டினார்கள். அடைத்த சன்னல்களுக்கு வண்ணம் அடித்தார்கள். தொட்டிகளில் பூச்செடி வைத்தார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை சந்தை போட்டார்கள். நானும் போவதுண்டு. தேனி வாரச்சந்தையின் இரைச்சல் கிடையாது, பேரம் பேசினால் சிரிக்கிறார்கள். 2011இல் நிலத்துக்கென்று ஓர் அறக்கட்டளையே அமைத்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் ‘அசெம்பிள்’ என்ற இளைஞர் குழு வந்து, கெய்ர்ன்ஸ் தெருவில் 10 வீடுகளைச் சீராக்கியது. இடிந்த வீட்டுக் கற்களை உடைத்து வார்த்த கணப்படுப்பு முகப்பு, மரத்தூள் புகையில் சுட்ட களிமண் கதவுக் குமிழ் என்று எல்லாம் அங்கேயே செய்தவை. 2015இல் இதற்காக அந்தக் குழுவுக்கு டர்னர் கலைப் பரிசு கிடைத்தது.

ஊரிலிருக்கும் சித்தப்பாவிடம் போனில் சொன்னேன். “காலி வீட்டுக்கா பரிசு குடுத்தாய்ங்க?” என்றார். தெருக்காரர்கள் செய்ததை விவரித்ததும், “அட, அதத்தான நாங்க பாலார்பட்டில பண்றோம்” என்றார்.

வாஸ்தவம்தான். முல்லைப்பெரியாறு அணையிலிருந்து எங்கள் பக்கம் 1895இல் தண்ணீர் வந்தது. அந்த அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக் பிறந்த ஜனவரி 15 அன்று அவர் படம் வைத்துப் பொங்கலிடும்படி எந்த அரசாணையும் பாலார்பட்டிக்குப் போகவில்லை. அந்தத் தண்ணீரில் நெல் நட்டவர்கள் தாங்களாகவே வைத்தார்கள். லோயர் கேம்ப்பில் அவருக்கு அரசு மணிமண்டபம் திறந்தது 2013இல். பொங்கல் முந்தி, மண்டபம் பிந்தி. மண்டபம் முதலில் எழுந்து, பிறகு விழாவுக்கு ஆள் பிடித்திருந்தால், மாலை போடும் அதிகாரிகளோடு அது முடிந்திருக்கும்.

ஒன்றில் மட்டும் கிரான்பிக்காரர்கள் நம்மைவிடக் கெட்டி. தெரு பேர் வாங்கினால் விலை ஏறும், பூச்செடி வைத்தவரே வெளியேற வேண்டிவரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டார்கள். அறக்கட்டளை விற்ற வீட்டை மறுபடி விற்கும்போது, விலை உள்ளூர்ச் சம்பளத்தை ஒட்டியே இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுவிட்டார்கள். இளையராஜாவின் பண்ணைப்புரத்துக்கோ பாரதிராஜாவின் அல்லிநகரத்துக்கோ நாளைக்கு யாராவது கலையை வைத்து ஊரை நிமிர்த்தும் திட்டம் கொண்டுவந்தால், வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன் அப்படியொரு நிபந்தனை இருக்கிறதா என்றுதான் கேட்பேன்.

சித்தப்பாவுக்கு இதில் உடன்பாடில்லை. “நெலத்துக்கு வெல ஏறுனா நல்லதுதானப்பா” என்கிறார். அவருக்கு ரோட்டோரம் அரை ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது.